நீலத் தவளை

ஐப்பசி 6
சென்னைக் கடை ஒன்று ஐம்பது தவளைப் பொம்மை கேட்கிறது. அச்சு பழையதே போதும். நிறம் மட்டும் அவர்கள் அனுப்பிய படம்போல வேண்டுமாம்: கரும்புள்ளி தெளித்த அடர்நீலம். விருத்தாசலம் பட்டறையில் கோபால்ட் ஆக்ஸைடு பூசினேன். சூளைக்குள் போகும்போது கரி, வரும்போது கண்ணைப் பறிக்கிற நீலம்.

ஐப்பசி 7
படத்தில் இருந்தது சுரினாம் நாட்டு விஷத்தவளையாம். தெற்கே சிப்பாலிவினி புல்வெளியில், தீவுபோல் நிற்கும் காட்டுத்திட்டுகள்தான் அதன் ஊர். 1969இல் தனி இனமென்று பெயர் வைத்தார்கள்; இப்போது வேறோர் இனத்தின் நிறவகை என்கிறார்கள். தலைப்பிரட்டையை முதுகில் சுமந்து தண்ணீரில் விடுமாம். எனக்குப் பிடித்துப்போனது வேறு: அதன் விஷம் சொந்த விஷமல்ல. எறும்பும் உண்ணியும் தின்று, அவற்றின் நஞ்சைத் தோலில் சேர்த்துக்கொள்கிறது. கண்ணாடிப் பெட்டியில் பழ ஈ போட்டு வளர்த்தால் நிறம் இருக்கும், விஷம் இருக்காது. அப்படியானால் அதுவும் என் பொம்மையும் ஒன்றா? அது கொஞ்சம் அதிகம். தவளை ஈயாவது பிடிக்கும்.

ஐப்பசி 9
ராத்திரி முழுக்க மழை. தெருநாய் ஒரு தேரையைக் கவ்விவிட்டு நுரை தள்ளியது. வாயைக் கழுவிவிட்டோம், தப்பித்தது. நம்மூர்த் தேரை யாரிடமும் இரவல் வாங்குவதில்லை. கண்ணுக்குப் பின்னால் புடைத்த சுரப்பியில் தானே விஷம் காய்ச்சுகிறது. தேங்காய் வற்றினால் 'தேரை மோந்தது' என்று அதன்மேல் பழி போடத்தான் நமக்குத் தெரியும்.

ஐப்பசி 12
ஐம்பதும் வைக்கோலில் பொதிந்தாயிற்று. மழை விடவில்லை. இதே வடகிழக்கு மழைக்குத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் பன்றிமூக்குத் தவளை மண்ணுக்குள்ளிருந்து இணைசேர வெளியே வரும். கேரளப் பக்கத்து உறவுத் தவளை வருவது தென்மேற்கு மழைக்கு. மற்ற நாளெல்லாம் இரண்டும் நிலத்தடியில் கறையான் தின்று கிடக்கும். குஞ்சுகள் உறிஞ்சுவாயால் ஓடைப்பாறையைப் பற்றிக்கொண்டு வெள்ளத்தைத் தாங்கும். ஓடையைத் திருப்பினால் தீர்ந்தது கதை. 2017இல்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தவளையைத் தனி இனமாக விவரித்தார்கள். 2014இல் அகத்தியமலைக் களப்பணியில் இறந்த கோவை ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அந்தத் தவளையின் ஊதா மாங்கனீசில் வரும். சூளை பிசகினால் பழுப்பாகிவிடும். அதற்கு ஓர் அச்சு வெட்ட ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.