ராஜினாமாவுக்கு முன்னால்

சிதம்பரம்
ஜனவரி 2026

அன்புள்ள பாப்பாவுக்கு,

ராத்திரி பதினொன்றரைக்கு நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைக் காலையில்தான் கேட்டேன். வேலையை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்கிறாய். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியராக இருக்கிற யார்தான் அப்படி ஒருமுறை சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்? அதற்கு முன்னால் சொன்னாயே, “பசங்க கிட்ட வந்து பேசினாலே எரிச்சலா வருது பெரியம்மா, பேருகூட மறந்துபோகுது” என்று, அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. பிள்ளையைப் பார்த்தால் அதன் தாத்தா பேர்வரை சொல்லக்கூடியவள் நீ. போனில் பேசினால் நீ அழுவாய், நானும் ஏதாவது சமாதானம் சொல்லி வைத்துவிடுவேன். எழுதினால் சொல்ல நினைத்ததை முழுதாகச் சொல்லலாம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். உனக்குப் பொறுமை போய்விட்டது, வயசாகிவிட்டது, பிள்ளைகள்மேல் பாசம் குறைந்துவிட்டது என்றெல்லாம் உன்னையே நொந்துகொள்ளாதே. உலக சுகாதார நிறுவனம் நோய்களின் வகைப்பாட்டைத் திருத்தி 2019-ல் ஏற்றபோது, உனக்கு வந்திருக்கிற இந்தப் பணிச்சோர்வை அதில் நோயாகச் சேர்க்கவில்லை. வேலை செய்யும் இடம் உண்டாக்குகிற ஒரு நிலை என்றுதான் சேர்த்திருக்கிறார்கள். மூன்று அடையாளம் சொல்கிறார்கள்: உடம்பிலும் மனசிலும் தெம்பு வற்றிப்போவது, வேலைமேல் கசப்பு வந்து அதிலிருந்து விலகிப்போவது, செய்கிற எதிலும் பலனில்லை என்று தோன்றுவது. உன் பேச்சில் மூன்றும் இருந்தன. கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் இதை எழுபதுகளிலிருந்து ஆராய்ந்து வருகிறார். வேலைப்பளு மட்டுமே மனுஷரை இப்படி ஆக்குவதில்லை என்கிறார் அவர். நம் வேலையில் நமக்குப் பிடிமானம் இல்லாமல் போவது, செய்ததற்கு ஒரு நல்ல வார்த்தைகூடக் கிடைக்காதது, கூட வேலை செய்கிறவர்களோடு ஒட்டு இல்லாதது, நியாயமில்லாத நடத்தை, மனசுக்கு ஒவ்வாததைச் செய்யவேண்டி வருவது என்று இன்னும் ஐந்தைச் சேர்க்கிறார். பிடிமானம் போவது என்றால் என்ன என்பதை நான் இங்கேயே பார்த்தேன். 2013-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அரசு தன் பொறுப்பில் எடுத்ததற்குப் பிறகு, உபரி என்று கணக்குப் பார்த்து எத்தனையோ பேரை வெளியூர்க் கல்லூரிகளுக்கு அனுப்பினார்களே. வேலைப்பளு குறைவுதான். ஆனாலும் அடுத்த உத்தரவு எங்கே தூக்கிப் போடுமோ என்ற கவலையிலேயே பாதிப் பேர் இளைத்துப் போனார்கள்.

உன் கதைக்கு வருகிறேன். நவம்பர் 4-ஆம் தேதியிலிருந்து வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கான எஸ்.ஐ.ஆர். படிவத்தைத் தூக்கிக்கொண்டு, வாக்குச்சாவடி நிலை அலுவலராக, அதாவது பி.எல்.ஓ. வேலையாக வீடு வீடாக ஏறி இறங்கினாய். நடுவில் மழை. அது முடிந்ததும் அரையாண்டுத் தேர்வுத் தாள், இப்போது திருப்புதல் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. ரிவ்யூ மீட்டிங்கில் உன் பாடத்து ரிசல்ட்டைத் திரையில் போட்டு நிற்க வைத்துக் கேட்பார்கள். எமிஸ் இணையதளப் பதிவு தினப்படி. கோடையில் சட்டமன்றத் தேர்தல், பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இவ்வளவுக்கும் நடுவில் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவைப் படித்துப் பார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்றைத் தவிர, கற்பித்தலோடு சம்பந்தமில்லாத எதற்கும் ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. தேர்தல் வேலையையும் விடுமுறை நாளிலும் பாடம் நடக்காத நாளிலும்தான் ஆசிரியருக்குத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. போன டிசம்பர் 4-ஆம் தேதி, பி.எல்.ஓ.க்கள் படும் பாட்டைக் கேட்டுவிட்டு, கூடுதல் ஆட்களைப் போடுங்கள், தகுந்த காரணத்தோடு விலக்குக் கேட்கிறவர்களின் மனுவைத் தனித்தனியாகப் பாருங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உத்தரவு வந்த உடனே உன் பாரம் குறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் “என்னால் முடியவில்லை” என்று அழுவது வேறு, “இந்த உத்தரவின்படி கேட்கிறேன்” என்று எழுதிக் கொடுப்பது வேறு. அடுத்த முறை எழுதிக் கொடு. தனியாகக் கொடுக்காதே, உன் பள்ளியில் இருக்கிற எல்லா பி.எல்.ஓ.க்களும் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். சங்கம் என்று ஒன்று இருப்பது சந்தா கட்ட மட்டுமா?

உன்னைப் போன்ற கடலூர்ப் பக்கத்து ஆசிரியருக்கு இன்னொரு பாரமும் உண்டு. அதை எந்தக் கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை. 2004-ல் நான் கடலோரக் கிராமத்துப் பள்ளியில் இருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அரைப்பரீட்சை லீவில் சுனாமி வந்தது. மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். பள்ளி திறந்ததும் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, எந்தப் பேரைக் கூப்பிடுவது, எந்தப் பேரைத் தாண்டிப் போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகளோடு பேச ஆட்கள் வந்தார்கள். படம் வரையச் சொன்னார்கள், விளையாட வைத்தார்கள். நல்ல காரியம்தான். எங்களை “நீங்க எப்படி இருக்கீங்க டீச்சர்?” என்று கேட்க ஒருவரும் வரவில்லை. நாங்களே சாயங்காலம் மணியடித்த பிறகு ஒரு அறையில் உட்கார்ந்து, அழுகிறவர்கள் அழுது, பேசுகிறவர்கள் பேசி, அப்புறம்தான் பஸ் ஏறுவோம். அந்த அரைமணி நேரம் இல்லாவிட்டால் எங்களில் சிலர் அந்த வருஷமே வேலையை விட்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு 2011-ல் தானே புயல், 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயல் வந்து தென்பெண்ணை ஆறு ஊருக்குள் புகுந்தது. ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடம்தான் நிவாரண முகாம். முகாம் காலியானதும் கழுவித் துடைத்துப் பாடம் தொடங்கவேண்டும், விட்ட நாட்களுக்குச் சனிக்கிழமை ஈடுகட்டவேண்டும். தன் வீட்டில் தண்ணீர் புகுந்த டீச்சரும் அதே சனிக்கிழமை வரவேண்டும். போன ஜூலை 8-ஆம் தேதி செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் போனபோது, அவர்கள் உன் பள்ளிப் பிள்ளைகள் இல்லை என்றாலும் நீ ஒரு வாரம் சாப்பிடவில்லை என்று உன் அம்மா சொன்னாள். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி முதல் பீரியட் எடுத்திருப்பாய். அதெல்லாம் எங்கேயும் போகவில்லை பாப்பா, உள்ளேதான் கிடக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், சாயங்காலம் அந்த அரைமணி நேரத்தை உன் பள்ளியிலும் உண்டாக்கு. எல்லாரும் வேண்டாம், நம்பிக்கையான இரண்டு பேர் போதும். ஹெச்.எம்.மைப் பற்றிப் புறம்பேசுகிற கூட்டமாக மட்டும் அது ஆகிவிடக்கூடாது. ஆனால் கொஞ்சம் பேசிக்கொள்ளலாம், தப்பில்லை.

மன அழுத்தம் குறைக்க என்று சொல்லி விடுமுறை நாளில் கூப்பிட்டு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார்கள். போய் வா. மூச்சுவிட நேரம் கொடுத்தாலே பாதி சரியாகிவிடும் என்பதை அங்கே யாரும் சொல்லமாட்டார்கள்.

உடம்பைப் பற்றி. கழிப்பறை தூரம், பீரியட்டுக்கு நடுவில் போக முடியாது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாய் அல்லவா? நம் பெண் ஆசிரியர்களில் பலருக்குச் சிறுநீர்த் தொற்று இப்படித்தான் வருகிறது. அடுத்த பீரியட் டீச்சரிடம் சொல்லி வைத்து ஐந்து நிமிஷம் போய் வா. வகுப்பு அதற்குள் இடிந்து விழாது. தொண்டையும் அப்படித்தான். அறுபது பேருக்குமேல் கத்தி ஜெயிக்க முடியாது. இடுப்பில் கட்டிக்கொள்கிற சின்ன மைக் இப்போது சல்லிசாகக் கிடைக்கிறது, வாங்கிக்கொள். எல்லா நோட்டையும் வரிக்கு வரி திருத்தவேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு வரிசை, அதுவும் பள்ளியிலேயே. தாள்கட்டு வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. வருஷத்துக்கு 12 சி.எல். இருக்கிறது, அடுத்த வருஷத்துக்குச் சேராது என்று தெரிந்தும் பத்திரப்படுத்தி வைக்கிறாய். உடம்பு முடியாத நாளில் எடு. ராத்திரி எட்டுக்குமேல் குரூப்பில் வருகிற செய்திக்குக் காலையில்தான் பதில் என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நீ ஒருத்தி மட்டும் போனை அணைத்தால் உன்மேல்தான் புகார் வரும்.

டெட் விஷயம். போன செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து உனக்குத் தூக்கமில்லை என்று தெரியும். ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்குமேல் இருக்கிற நீங்கள் இரண்டு வருஷத்துக்குள் அதில் தேறவேண்டும் என்பது, பதினாறு வருஷம் பாடம் நடத்தியவளை மறுபடி வாசலில் நிறுத்துகிற மாதிரிதான். எனக்கும் கோபம்தான். அரசு சீராய்வு மனு போட்டிருக்கிறது, அதன் போக்கு அது போகட்டும். நீ தாளைப் பார். 150 கேள்வியில் 60 உன் சொந்தப் பாடம், தமிழும் ஆங்கிலமும் 30, 30. உன்னை மிரட்டுவது குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் என்கிற அந்த 30 மட்டும்தான். அந்தப் பகுதியை நான் பி.எட். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், உனக்குச் சொல்லித் தரமாட்டேனா?

இரண்டு வாரத்துக்குமேல் தூக்கம் வராமல் இருந்தாலோ, உயிரோடு இருப்பதே வீண் என்று தோன்றினாலோ, இந்தக் கடிதத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பார். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. கடலூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூச்சமாக இருந்தால் இங்கே வா. அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா என்று நாம் சொல்வோமே, இப்போது அரசு மருத்துவக் கல்லூரி, அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. நான் கூட வருகிறேன்.

ராஜினாமா பற்றிப் பொதுத்தேர்வு முடியும்வரை பேச்செடுக்காதே. அப்போதும் வேண்டும் என்றால் நானே உன் அம்மாவிடம் பேசுகிறேன், யாரும் உன்னைக் குறை சொல்லமாட்டார்கள். இப்போதைக்கு இந்தச் சனிக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறு. டெட் புத்தகத்தைக் கொண்டு வா, தாள்கட்டு வேண்டாம். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடு. காலையில் நாலரைக்கு எழுந்து மூன்று டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு நீ பஸ் பிடிக்கிறாய்; அதில் ஒன்றை அவர் கட்டட்டும் என்று பெரிய மாமியார் எழுதியிருக்கிறாள் என்று சொல்லு. கோபித்துக்கொண்டால் என்னிடம் அனுப்பு.

இப்படிக்கு,
உன் பெரியம்மா