நமக்கும் ஒரு மட்டை

டென்னிஸ் என்றாலே அது துரைமார் ஆட்டம் என்ற எண்ணம் தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு இன்னும் போகவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்த ரப்பர்த் தோட்டத்திலும் துரை பங்களாவை ஒட்டி ஒரு திடல் இருந்தது. மாலையில் பந்து பொறுக்கிப் போட்டால் சில்லறை கிடைக்கும். மட்டையைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை.

அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடாகிவிட்டது. நானும் ஈப்போவாசி ஆகிவிட்டேன். சென்ற ஆண்டு, அறுபது வயதில், மகளின் பழைய மட்டையை எடுத்துக்கொண்டு பொதுத் திடலுக்குப் புறப்பட்டேன். வாசலில் இருந்த அம்மா, “ஏன் தம்பி, யாருக்குப் பந்து பொறுக்கப் போற?” என்று கேட்டார். “எனக்கேதாம்மா” என்றேன். அம்மா சிரிக்கவில்லை, சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்ற தமிழர் உண்டு. 1937இல் நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணனுக்குத் தந்தையே குரு. 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளும் அங்கே அரையிறுதி வரை சென்றார். அவருடைய பலம் ஓங்கி அடிப்பதில் இல்லை. ஆளில்லாத இடம் பார்த்துப் பந்தை நிதானமாக அனுப்புவதில்தான் இருந்தது.

புதிதாகத் தொடங்குவோருக்கும் அந்த நிதானமே முதல் பாடம். சிவப்புப் பந்து வழக்கமான மஞ்சள் பந்தைவிடச் சுமார் 75 விழுக்காடு வேகம் குறைந்தது. ஆரஞ்சு 50, பச்சை 25 விழுக்காடு. பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் இவற்றையே பயன்படுத்த வேண்டும் என்பது 2012 முதல் அனைத்துலக விதி. பெரியவர்களும் வெட்கப்படாமல் இவற்றில் தொடங்கலாம். இருவரும் வலையிலிருந்து 21 அடியில் உள்ள கோட்டருகே நின்று, பந்து எத்தனை முறை வலையைத் தாண்டுகிறது என்று எண்ணுங்கள். முதல் வாரம் எனக்கு மூன்றைத் தாண்டவில்லை. நான்கு மாதத்தில் இருபதைத் தொட்டேன்.

பிறகு முழுத் திடலில் ஆடும்போது பந்தை மூலைக்கு மூலை குறுக்காக அனுப்பப் பழகுங்கள். வலை ஓரங்களில் மூன்றரை அடி உயரம். நடுவில் மூன்றே அடி. குறுக்குவாட்டில் திடலின் நீளமும் நாலரை அடி கூடுதல். எனவே பந்து வலையில் சிக்குவதும் வெளியே போவதும் குறையும்.

வாசகர்களே, உங்கள் வட்டாரத்தில் பொதுத் திடல் இருந்தால் ஒரு மாலை பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். பழைய மட்டையே போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.