அடுப்பை அணைத்த பிறகு

காலை ஏழு மணிக்கெல்லாம் சத்தி ரோட்டில் பேருந்துகளின் ஆரன் சத்தம் ஆரம்பித்துவிடும். அந்நேரம் சரவணம்பட்டியில் எங்கள் வீட்டு அடுப்பில் இரும்பு வடச்சட்டி ஏறியிருக்கும். கிருத்திகை, அமாவாசை, வெள்ளிக்கிழமை போக மற்ற நாட்களில் பெரும்பாலும் முட்டைப் பொடிமாஸ்தான். சின்ன வேலைதான். ஆனால் அதன் கடைசி அரை நிமிடம் எனக்குக் கைவரப் பல வருடம் பிடித்தது.

கடைக்கு வருவது நாமக்கல் முட்டை. 30 முட்டை அட்டையாக வாங்கி வந்ததும் ஒன்றிரண்டைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். புது முட்டை அடியில் படுத்துக்கொள்ளும். நாளாக ஆக உள்ளே காற்றறை பெரிதாகும். அதனால் பழைய முட்டை எழுந்து நிற்கும். பழசின் வெள்ளை நீர்த்துப்போயிருக்கும். அதில் பொடிமாஸ் திரண்டு வராது.

நான்கு முட்டையை உடைத்ததும் முதலில் உப்பு. மஞ்சள் ஒரு சிட்டிகை. மஞ்சள்கருவும் வெள்ளையும் ஒன்றாகக் கலந்தால் போதும், நுரைக்க வேண்டாம். உப்பு ஊறிய முட்டை சூட்டில் மென்மையாகத் திரளும், தன் நீரையும் அவ்வளவாக விடாது. அது ஊறும் பத்து நிமிடத்தில் பதினைந்து சின்ன வெங்காயத்தை உரித்து அரிந்துவிடலாம்.

இரண்டு கரண்டி கடலெண்ணெய், கடுகு, பச்சை மிளகாய், ஒரு கொத்துக் கருவேப்பிலை, பிறகு வெங்காயம். இங்கே அவசரம் கூடாது. வெங்காயத்தின் ஈரம் முழுக்க வற்றி, ஓரம் லேசாகச் சிவக்க வேண்டும். வற்றாத வெங்காயம் பிறகு முட்டைக்குள் தண்ணீர் விடும். தக்காளியை நான் சேர்க்காததும் இதனால்தான்.

தீயைக் குறைத்து முட்டையை ஊற்றி, பத்து எண்ணும்வரை தொடமாட்டேன். பிறகு ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல வழித்துக் கொண்டுவருவேன். முட்டை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உறையத் தொடங்கும். 80 டிகிரிக்குள் முழுக்க இறுகிவிடும். அதற்கு மேலும் சூடேறினால் இறுகிய புரதம் தன்னுள் இருந்த நீரைப் பிழிந்து தள்ளும். தட்டில் தண்ணீர் தேங்குவதும், வாயில் ரப்பராக நெருடுவதும் அதன் விளைவு.

"அடுப்ப அணைச்சாலும் சட்டி அணையாது கண்ணு" என்பார் அமுச்சி, என் அம்மாவின் அம்மா. சின்ன வயதில் காதில் விழுந்த அந்தப் பேச்சு, சமைத்துக் கெடுத்த பிறகே புரிந்தது. முக்கால் பங்கு திரண்டு, மேலே ஈரம் மினுமினுக்கும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். மீதியை இரும்பின் சூடு பார்த்துக்கொள்ளும். அந்த அரை நிமிடமும் கை நிற்காமல் கிளற வேண்டும். எங்கும் பச்சை முட்டை தெரியாத நொடியில், மிளகுத்தூள் தூவித் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் அது வெந்துகொண்டே இருக்கும்.

டிபன் டப்பாவும் ஒரு சட்டிதான். மகள் பள்ளியில் படித்தபோது, சுடச்சுட அடைத்துக் கொடுத்த பொடிமாஸ் ஒருநாள் அப்படியே திரும்பி வந்தது. மூடியைத் திறந்ததும் கந்தக வாடை. மூடிய டப்பாவுக்குள் சூடு அடங்காமல் வேக வேக, வெள்ளைக்கருவிலுள்ள கந்தகம் வாயுவாக வெளியே வருகிறது. மறுநாளிலிருந்து தட்டில் பரப்பி, ஆவி அடங்கிய பிறகே மூடினேன். அதன்பின் டப்பா காலியாகத்தான் வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயில், இளஞ்சூட்டில், கூழ் போலக் குழைவாகக் கிளறுவார்கள். அது ரொட்டிக்குப் பொருந்தும். தோசையோடும் சோற்றோடும் சேர நமக்கு உதிரி வேண்டும். உதிரியாகவும் இருக்க வேண்டும், ஈரமும் போகக் கூடாது. அந்தப் பதத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

எல்லோருக்கும் பரிமாறிய பிறகும் வடச்சட்டியில் சூடு இருக்கும். எண்ணெயும் மிளகும் நாலைந்து முட்டைத் துணுக்கும் ஒட்டியிருக்கும். ராத்திரிச் சோறு ஒரு கை அள்ளிப் போட்டுப் பிரட்டுவேன். அடுப்பைப் பற்ற வைக்கத் தேவையில்லை. என் காலைச் சாப்பாடு அதுதான்.