பெயர் தெரியாத ஊர்களின் வைன்

லண்டனில் இருக்கும் சித்தப்பா ஊருக்கு வரமுதல் போனில் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "பிள்ளை, உனக்கு என்ன கொண்டுவாறது?" சொக்லேட், கைப்பை, சப்பாத்து என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில், இருபத்தொரு வயது முடிந்தபின் நான் வைனையும் சேர்த்தேன். நிபந்தனை மூன்று. போத்தல் பத்துப் பவுணைத் தாண்டக்கூடாது. பிரான்சும் இத்தாலியும் வேண்டாம். போத்தலில் இருக்கிற ஊரின் பெயரைச் சித்தப்பா அதற்கு முதல் கேள்விப்பட்டிருக்கக் கூடாது.

"நல்லதா ஒண்டு வாங்கித் தருவம் எண்டா, நீ என்ன பிள்ளை, சந்தையில விலைப்படாததைத் தேடுறாய்?"

ஏன் விலைப்படாமல் போனது என்பதுதான் எனக்குத் தெரியவேண்டி இருந்தது. அப்படி வந்த போத்தல்களையும், கொழும்பில் வாங்கிய ஒன்றையும், யாழ்ப்பாணத்தில் வாங்கிய ஒன்றையும் நானும் இரண்டு சிநேகிதிகளும் ருசி பார்த்து எழுதிவைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

பொம்பிளைப் பிள்ளை வைனைப் பற்றி எழுதுவதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இந்த நாட்டில் அந்தக் கேள்வி சட்டத்திலேயே இருந்தது. பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்று 1979ஆம் ஆண்டில் ஒரு மதுவரி அறிவித்தல் வந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். ஒரு கிழமைகூடச் செல்லவில்லை, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். கொழும்புக் கடைகளில் இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை. குடி எத்தனை வீடுகளைக் கெடுத்திருக்கிறது என்பது உங்களைப்போல எனக்கும் தெரியும். நாங்கள் மூன்று பேர் ஒரு போத்தலை இரண்டு மூன்று நாளுக்கு வைத்துத்தான் ருசி பார்த்தோம். ருசி என்பதும் வெறி என்பதும் ஒன்றல்ல என்று எங்கட ஊரில் சொல்லிப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.

எங்களுடைய முறை லேசானது. ஒருத்தி போத்தலைப் பழைய பேப்பரில் சுற்றி ஊற்றுவாள். மற்ற இருவரும் பார்த்து, மணந்து, ஒரு மிடறை வாய்க்குள் சுழற்றிவிட்டு எழுதவேண்டும். வைன் பற்றிய ஆங்கிலக் குறிப்புகளில் வரும் பழங்களில் பாதியை நாங்கள் தின்றதே இல்லை. அதனால் ஒரு விதி வைத்தோம்: வாயில் பட்ட பழத்தின் பெயரை மட்டும் எழுதலாம். நாவல், விளாம்பழம், புளி, நெல்லி, பாலைப்பழம், கறுத்தக்கொழும்பான் எல்லாம் சரி. பிளாக்பெரி கூடாது.

பேப்பர் சுற்றுவது விளையாட்டுக்காக இல்லை. 1976இல் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி பாரிஸில் ஒரு ருசிப் போட்டி வைத்தார். பிரான்சின் பெயர்பெற்ற வைன்களையும் அப்போது ஆரும் கணக்கெடுக்காத கலிபோர்னியா வைன்களையும் பெயரை மறைத்து ஊற்றினார்கள். நடுவர்கள் பிரெஞ்சு நிபுணர்கள். சிவப்பு, வெள்ளை இரண்டிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போனது. ஊரின் பெயர் தெரியாதபோது நாக்கு வேறு தீர்ப்புச் சொல்கிறது. பெயருக்கு நாங்கள் எவ்வளவு காசு கொடுக்கிறோம் என்பது அதில் தெரிந்துவிடுகிறது.

முதலில் கொழும்பில் வாங்கிய போத்தல். சிலி நாட்டுக் கார்மெனேர். இங்கே வரி சேர்ந்ததும் எந்த இறக்குமதி வைனும் பல ஆயிரம் ரூபாவுக்குப் போய்விடும். மூன்று பேர் காசு போட்டுத்தான் வாங்கினோம். பேப்பரைச் சுற்றி ஊற்றியதும் ஒருத்தி சொன்னாள், "ஏய், இது கறிமிளகாயடி!" உண்மைதான். வெட்டின கறிமிளகாயின் பச்சை மணம், அதற்குப் பின்னால் பழுத்த பழத்தின் மென்மை. துவர்ப்புக் குறைவு. முதன்முதல் சிவப்பு வைன் குடிப்பவருக்கு முகம் சுளிக்க வைக்காது.

இந்தப் பழத்தின் கதை இன்னும் நல்லது. கார்மெனேர் பிரான்சின் போர்தோ பகுதிக்காரன். 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்செரா என்ற பூச்சி, வேரைத் தின்று பிரான்சின் முந்திரிகைத் தோட்டங்களை அழித்தது. (முந்திரிகை என்று நான் எழுதுவது திராட்சையைத்தான். எங்கட வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.) அதோடு கார்மெனேரும் போர்தோவில் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. ஆனால் அதற்கு முதலே கப்பலேறிய சில கொடிகள் சிலியில் உயிரோடு இருந்தன, மெர்லோ என்ற வேறொரு பெயரில். 1994இல் ஜோன்-மிஷேல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் ஒரு தோட்டத்தில் நின்று கொடியைப் பார்த்து, இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார். நூறு வருடத்துக்கு மேல் அடுத்தவன் பெயரில் காய்த்திருக்கிறது. இன்றைக்கு அது சிலியின் அடையாளம். சொந்த ஊரைவிட்டுப் போய் வேறிடத்தில் வேரூன்றுவது எங்களுக்குப் புதுக்கதை இல்லை.

சித்தப்பா கொண்டுவந்ததில் முதல் போத்தல் ஜோர்ஜியாவின் சப்பெராவி. ஊற்றும்போதே மை மாதிரிக் கறுப்பு. பெரும்பாலான கறுப்பு முந்திரிகைகளின் சதை வெளிறியது, நிறம் தோலில் மட்டும்தான் இருக்கும். சப்பெராவிக்குச் சதையும் சிவப்பு. பெயருக்கே சாயம் என்பதுபோலத்தான் பொருள். குடித்து முடித்து மூன்று பேரும் நாக்கை நீட்டிப் பார்த்தோம். நாவற்பழம் தின்ற பிள்ளைகளின் நாக்கு! மூன்று தாளிலும் நாவல் என்றே எழுதியிருந்தது. நல்ல புளிப்பு, பாக்குத் துவர்ப்பு. தனியே குடிக்கக் கொஞ்சம் முரடு. இறைச்சிப் பிரட்டலோடு சரியாக இருக்கும்.

வைன் செய்த ஆகப் பழைய தடயங்களில் சில ஜோர்ஜியாவில்தான் கிடைத்திருக்கின்றன. அங்கே தோண்டியெடுத்த மட்பாண்டத் துண்டுகளில் ஏறக்குறைய எட்டாயிரம் வருடத்துக்கு முந்திய வைனின் எச்சம் இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். க்வெவ்ரி என்ற பெரிய மண்சாடியை நிலத்துக்குள் புதைத்து, அதற்குள் வைனைப் புளிக்கவைக்கும் முறை இன்றும் அங்கே இருக்கிறது. 2013இல் யுனெஸ்கோ அதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. (பத்துப் பவுணுக்கு மண்சாடி வைன் கிடைப்பது அரிது. எங்களுடையது சாதாரணத் தொட்டி வைன்.) இவ்வளவு பழைய ஊரின் வைனை ஏன் எங்களுக்குத் தெரியாது?

ருசியில் குறை இருந்து இல்லை. சோவியத் காலத்தில் ஜோர்ஜியாவும் மொல்டோவாவும் அந்தப் பெரிய நாட்டுக்கு வைன் செய்துகொடுக்கும் தோட்டங்களாக இருந்தன. தரத்தைவிட அளவுதான் முக்கியம். 1985இல் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியதும் கொடிகளை வேரோடு பிடுங்கினார்கள். சுதந்திரம் வந்தபின்னும் வாங்குவது பெரும்பாலும் ரஷ்யாதான். 2006இல் இரண்டு நாட்டு வைனையும் ரஷ்யா தடை செய்தது. சுகாதாரக் காரணம் என்று சொன்னார்கள். அவை மேற்குப் பக்கம் சாய்வதற்கான தண்டனை என்றே பலரும் பார்த்தார்கள். ஒரே நாளில் சந்தை போனது. வேறு வழியில்லாமல் தரத்தை உயர்த்தி, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் தெரியாத கதவுகளைத் தட்டினார்கள். சித்தப்பாவின் கையில் அகப்பட்ட போத்தல் அப்படித் தட்டிய கதவொன்றின் வழியாகத்தான் லண்டன் வந்திருக்கும்.

மொல்டோவாப் போத்தலில் ஃபெத்தெயாஸ்கா நேயாக்ரா என்று எழுதியிருந்தது. கறுப்புக் கன்னி என்று அர்த்தமாம். சப்பெராவியைவிட மெல்லியது. எங்கள் குறிப்பு: "முந்திரிகை வத்தல், கொஞ்சம் மிளகு, கடைசியில் பாலைப்பழத்தின் பிசுபிசுப்பு." மூன்று பேருக்கும் ஆகப் பிடித்தது இதுதான். ஆக விலை குறைந்ததும் இதுதான். மொல்டோவா சின்ன நாடு. அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த சுரங்கங்களைப் பிறகு வைன் நிலவறைகளாக்கினார்கள். மிலெஷ்டி மிச் என்ற நிலவறை உலகின் ஆகப் பெரிய வைன் சேகரிப்பு என்று 2005இல் கின்னஸில் பதிவானது. சுரங்கம் ஏறக்குறைய 200 கிலோமீற்றர். உள்ளே வாகனத்தில் போகலாம், தெருக்களுக்கு வைன்களின் பெயர். சுண்ணாம்புக்கல் எங்களுக்குக் கீழேயும்தான் இருக்கிறது. நாங்கள் அதைத் தோண்டிச் சீமெந்து செய்தோம்.

இனிச் சாப்பாடு. இணையத்தில் பார்த்தால் காரமான இறைச்சிக் கறிக்குக் கனமான சிவப்பு வைன் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்து நண்டுக் கறி தின்றவர்களாக இருக்க முடியாது. மிளகாய்க் காரத்தின் மேல் துவர்ப்பும் கூடின அற்ககோலும் பட்டால் எரிச்சல் இரட்டிக்கும். எங்கட தூளுக்குப் பொருந்துவது குளிரான, அற்ககோல் குறைந்த, புளிப்பான வெள்ளை வைன். இதை எங்களுக்குக் காட்டித்தந்தது போர்த்துக்கலின் வடமேற்கிலிருந்து வரும் வின்யோ வெர்தே. பச்சை வைன் என்று பொருள், ஆனால் நிறம் பச்சை இல்லை, இளசு என்ற கருத்தில். ஊற்றும்போது சின்னச் சின்னக் குமிழி. எங்கள் குறிப்பில் "தேசிக்காய், பச்சை ஜம்பு." பொரிச்ச மீனோடும் நண்டோடும் போத்தல் முடிந்ததே தெரியவில்லை. அந்த நாட்டுக் குடியானவர்கள் காணி குறைவென்பதால் கொடியை உயரப் பந்தலிலும் மரங்களிலும் ஏற்றி, கீழே மரக்கறி நட்டார்களாம். புடலம் பந்தலுக்குக் கீழே வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

பந்தல் என்றதும் வலிகாமத்துக்கு வரத்தான் வேண்டும். செம்மண்ணில் முந்திரிகைப் பந்தல்கள் எங்களிடமும் உண்டு. குளிர்நாட்டுக் கொடி மாரியில் இலை உதிர்த்துத் தூங்கும். எங்கட வெயிலில் அதற்கு நித்திரை இல்லை. கத்தரித்து விட்டால் பூக்கும், வருடத்துக்கு இரண்டு முறை அறுவடை எடுக்கலாம். எங்களுக்கென்று ஒரு வைனும் இருக்கிறது. 1928இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைதாசர் சபையின் நெல்லிரசம் எல்லா வீட்டுக்கும் தெரியும். அந்த மரபிலேயே கன்னியர் மடத்தில் செய்யும் வைனும் உண்டு. இனிப்பு, அதோடு கறுவாவும் கராம்பும்.

அதையும் பேப்பரில் சுற்றி மற்றப் போத்தல்களோடு வரிசையில் வைத்தேன். ஒருத்தி "கிறிஸ்மஸ் கேக்" என்று எழுதினாள். மற்றவள் "இனிப்புக் கூட, ஆனா இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று எழுதினாள். சப்பெராவியோடு போட்டிபோடும் வைன் அது இல்லை. அப்படிச் சொன்னால் ஊர்ப்பாசத்தில் பொய் சொன்னதாகிவிடும். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு, குளிரவைத்து, சின்னக் கிளாஸில், ஒரு துண்டு கேக்கோடு குடிக்க அதைவிடப் பொருத்தமாக இந்த விலைக்கு வேறு கிடைக்காது.

இதற்குமேல் ஏன் வளரவில்லை என்று கேட்டால், 1990இலிருந்து வலிகாமம் வடக்கில் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்ததை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தோட்டங்கள் பற்றைக்காடாகின. காணி துண்டு துண்டாகத்தான் திரும்பி வந்தது. கொடி நட்டுக் காய்க்க வருடங்கள் வேணும், அந்தக் காணி நாளைக்கும் தன்னுடையது என்ற நம்பிக்கையும் வேணும். மொல்டோவாக்காரர் கதவு கதவாகத் தட்டியபோது அவர்களுடைய கையில் காணியாவது இருந்தது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஆராவது வந்தால் மொல்டோவாவின் ஃபெத்தெயாஸ்கா நேயாக்ராவைக் கேளுங்கள். மீன், நண்டு சமைக்கிற நாளென்றால் வின்யோ வெர்தே, நல்லாக் குளிரவைத்து. மட்டன் பிரட்டலுக்குச் சப்பெராவி, தூளைக் கொஞ்சம் குறைத்து. கொழும்பில் வாங்குவதென்றால் சிலிக் கார்மெனேர், காசைப் பங்குபோட்டு. ஊரில் என்றால் மடத்து வைன். எதை வாங்கினாலும் முதல் மிடறைப் பேப்பர் சுற்றிக் குடியுங்கள். பிறகு அது எந்தப் பழம் என்று, நீங்கள் தின்று வளர்ந்த பழங்களுக்குள்ளேயே தேடுங்கள்.