கடைசிப் பத்தியில் கிடந்த செய்தி



நம்ம ஊர்க் கண்மாயில் மூழ்கிப்போன சிறுவனைப் பற்றி ஒரு வார இதழில் இரண்டு பக்கம் வந்திருக்கிறது. ‘அந்த மதிய நேரம்...’ என்று சினிமா மாதிரி ஆரம்பம். தாயின் அழுகை அரைப் பக்கம். ‘பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்’ வீட்டில் தகராறு என்கிறார். மண் அள்ளிய குழியை மூடவில்லை என்பது கடைசிப் பத்தியில், ஒரே வரி. செய்தியே அதுதானே!

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்று ஒன்பதாம் வகுப்பில் உங்களை எழுதவைத்தேனே, நினைவிருக்கிறதா? முதல் நான்கையும் தினசரி மறுநாளே சொல்லிவிடும். வார இதழுக்கு மிச்சம் ‘ஏன்’தான். கதைபோலச் சொல்வது தப்பில்லை. 1983-ல் ஜூனியர் விகடன் வந்த காலத்திலிருந்து அந்த நடையை ரசித்தவன் நான். (இது வேறு இதழ்.) ஆனால் ‘ஏன்’ என்ற இடத்தில் வதந்தியை வைக்கலாமா?

சிறுவனின் அப்பா என்னிடம் படித்தவன். “தகராறுன்னு போட்டுட்டாங்களே ஐயா” என்று போனில் அழுதான். குழியைப் பற்றி அவனும் பேசவில்லை.

இதழாசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டேன், குழியை முதல் வரியில் வைத்து. பத்திரிகையில் இருக்கும் பிள்ளைகள் யாராவது வந்து பாருங்கள். இன்னும் மூடவில்லை.