அண்ணாச்சியும் டேலியும்

போன லீவில் எங்கள் ஊர் மொத்த மளிகைக் கடை ஒன்றில் ஒரு மாதம் கணக்கு எழுதப் போனேன். பி.காம் படிக்கிறவன், டேலி தெரியும் என்ற மிதப்பு கொஞ்சம் இருந்தது :-)

அங்கே 30 வருஷமாகப் பேரேடு எழுதும் ஒரு அண்ணாச்சி. முதலாளி டேலி வாங்கி, ஆள் வரவழைத்து ரெண்டு நாள் டிரெயினிங்கும் கொடுத்திருந்தார். எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை... எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்றாம் நாள் அண்ணாச்சி மறுபடி பேரேட்டைத் திறந்துவிட்டார். "மாசக் கடைசிக்குள்ள பழகலைன்னா வேற ஆள்தான்" என்று முதலாளி சொல்லியும்!

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு கையால் கணக்கு வைப்பது எவ்வளவு சிரமம் என்று அவருக்கே தெரியும். அப்புறம் ஏன்? கேட்டேன்.

"தம்பி, நோட்டுல தப்புன்னா செவப்பு மையில அடிச்சு எழுதிருவேன். இதுல எதையாவது தட்டி எல்லாம் அழிஞ்சு போச்சுன்னா?"

1989ல் ஃப்ரெட் டேவிஸ் சொன்ன 'டெக்னாலஜி அக்செப்டன்ஸ் மாடல்' எங்களுக்குப் பாடத்தில் உண்டு. ஒரு மென்பொருளை ஆட்கள் ஏற்பது ரெண்டு எண்ணத்தைப் பொறுத்தது: இது பயன்படும், இது சுலபம். அண்ணாச்சிக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. நானோ அவர் தடுமாறும்போதெல்லாம் "தள்ளுங்க அண்ணாச்சி, நான் போடுறேன்" என்று கீபோர்டை வாங்கிக்கொண்டிருந்தேன். உதவி என்று நினைத்தேன். "உங்களால முடியாது" என்றுதான் தினமும் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் டேலியில் சும்மா ஒரு கம்பெனி உருவாக்கி, "இதை எப்படி வேணும்னாலும் கெடுங்க" என்றேன். பதிந்தார், ஆல்ட்+டி அழுத்தி அழித்தார், பேக்கப்பிலிருந்து மீட்டார். சிரித்தார்.

ஒரு வாரம் கழித்து நிஜக் கணக்கில் விற்பனை மொத்தம் அவர் நோட்டோடு 90 ரூபாய் இடித்தது. "உங்க கூட்டல் தப்பா இருக்கும்" என்றேன்.

"தொண்ணூறு ஒம்பதால வகுபடுதுல்ல? எண்ணு ரெண்டு எடம் மாறிக் கெடக்கும்" என்று திரையில் பில் பில்லாகப் பார்த்தார். 450ஐ 540 என்று போட்டிருந்தது நான்! அவரே திருத்தினார். அதற்கப்புறம் கீபோர்டு என் பக்கம் வரவே இல்லை.

தன்னால் முடியும் என்ற எண்ணம் வளர நாலு வழி என்று 1977ல் ஆல்பர்ட் பண்டூரா எழுதினார். அதில் பலமானது தானே செய்து ஜெயிப்பது. அந்த ரெண்டு நாள் டிரெயினிங்கில் அது மட்டும்தான் இல்லை.

மாசம் முடிந்தது, அண்ணாச்சி இருக்கிறார். பேரேடும் மேஜையில் இருக்கிறது, இருக்கட்டுமே.

உங்கள் ஆபீஸில் கீபோர்டு யார் கையில்?