ஓமந்தையில் ஒரு சிங்களப் பாடம்

இலங்கையின் ஓமந்தை என்றாலே எனக்குச் சோதனைச் சாவடிதான். போர்க்காலத்தில் அரசின் பகுதியும் விடுதலைப் புலிகளின் பகுதியும் ஏ-9 சாலையில் அங்கே பிரிந்தன. போர் முடிந்து ஆறு வருடம் கழித்து, 2015இல்தான் சாவடியை எடுத்தார்கள். அதன் தடயத்தைத் தேடிப் போன எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடையும் ஒரு சண்டையும் கிடைத்தன.

ஊரில் புட்டுக்குச் சர்க்கரையும் வாழைப்பழமும் பிசைந்தே பழகியவன் நான். கடைக்கார அம்மா அதன்மேல் சுடச்சுடச் சொதியை ஊற்றி, ஓரத்தில் தேங்காய்ச் சம்பல் வைத்தார். பக்கத்து மேசையில் அவருடைய பேத்தி, கொப்பியில் சிங்கள எழுத்துகளைச் சுழித்துச் சுழித்து எழுதிக்கொண்டிருந்தாள். சுழி கோணலானால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

தமிழ்நாட்டின் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டக் கதைகளைக் கேட்டு வளர்ந்த வாய் சும்மா இருக்குமா? "இவ்வளவு பட்டபிறகும் சிங்களமா அம்மா?" என்றேன்.

"உங்களுக்கென்ன தம்பி, சொல்லிப்போட்டுப் போயிடுவியள்!" என்று சீறினார். "கொழும்பு லொட்ஜிலை விடியக்காலமை பொலிஸ் வந்து கதவைத் தட்டினது. கேட்டது விளங்கினாத்தானே மறுமொழி சொல்ல? பஸ்ஸிலை ஏத்தி வவுனியாவிலை கொண்டுவந்து விட்டாங்கள்."

அந்த விடியற்காலை 2007 ஜூன் 7. கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள், தக்க காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது; பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். இத்தனைக்கும் இலங்கை அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் ஆட்சிமொழி.

போர் வந்தால் எதிரியின் மொழி பேசுகிற அண்டைவீட்டுக்காரனும் எதிரியாகிவிடுகிறான். முதல் உலகப்போரின்போது, 1918இல், அமெரிக்காவின் ஐயோவா மாநில ஆளுநர் ஹார்டிங், பள்ளியிலும் ரயிலிலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று ஆணையிட்டார். ஜெர்மானியக் குடியேறிகள் வாயைக் கட்டிக்கொண்டார்கள். பக்கத்து நெப்ராஸ்காவில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியரை, ஒரு கிராமத்துப் பள்ளியில் பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்றுக்கொடுத்ததற்காக அபராதம் கட்டச் சொன்னார்கள். 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அங்கே சட்டம் போட்டு மொழியைத் தடுத்தார்கள். இங்கே சட்டத்தில் இடம் கொடுத்துவிட்டுத் தெருவில் சந்தேகப்பட்டார்கள்.

"அப்படியானால் பயந்துதானே படிக்கிறாள்?" நானும் விடவில்லை.

"பயத்திலை படிச்சது நான். இவள் உத்தியோகத்துக்குப் படிக்கிறாள். ரெண்டும் ஒண்டோ?"

எனக்கு முழுக்க மனம் ஒப்பவில்லை. ஆனால் அவர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. அரசுப் பணியில் புதிதாகச் சேர்வோர் மற்ற ஆட்சிமொழியையும் ஐந்தாண்டுக்குள் கற்கவேண்டும் என்று இலங்கை அரசு சுற்றறிக்கை விட்டதும் அதே 2007இல்தான். இந்த வன்னிப் பகுதிப் பிள்ளை தன் பங்குக்கு எழுத்துக் கூட்டுகிறாள். வன்னிக்கு வேலைக்கு வரும் சிங்கள அதிகாரியும் அதே சிரத்தையோடு தமிழ் படிக்கட்டும். தமிழில் சொன்ன முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக்கொள்ள ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஆள் இருக்கவேண்டும். அதுவரை ஆட்சிமொழி என்பது ஏட்டுச் சுரைக்காய்தான்.